நாற்காலியை விட மனசு வருமா?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். பதவியை விட்டுப் போகும் தலைவர்கள் எல்லாரும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி ‘மனநிறைவோடு விடைபெறுகிறேன்’ என்று பேசுகிறார்களே, அதில் எவ்வளவு உண்மை என்பது ஒன்று. சிங்கப்பூரில் பிரதமர் பொறுப்பை ஒப்படைத்தவர் மறுநாளே அதே அமைச்சரவையில் மூத்த அமைச்சராக உட்கார்ந்திருக்கிறாரே, இதற்குப் பெயர் ஓய்வா என்பது இன்னொன்று. பார்த்தால் இரண்டு கேள்வி. உண்மையில் நீங்கள் கேட்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: பல வருஷம் நாற்காலியில் இருந்தவருக்கு அதை விட மனசு வருமா, வராதா?

நான் அரசியல்வாதி இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் இங்கே தமிழ்ச் செய்தி மொழிபெயர்ப்பில் வேலை பார்த்தவன். பிரியாவிடை உரைகள், விலகல் கடிதங்கள், ‘இந்தத் தேர்தலில் நான் நிற்கவில்லை’ அறிக்கைகள் என்று எத்தனையோ என் மேசைக்கு வந்திருக்கின்றன. ஒரு உரையை ஒரு தடவை கேட்பது வேறு, வரி வரியாக இன்னொரு மொழியில் கொண்டுவருவது வேறு. எந்த வரியில் பேசுபவர் வேகமாகத் தாண்டிப் போகிறார், எந்த இடத்தில் நின்று நிதானிக்கிறார் என்பதெல்லாம் மொழிபெயர்ப்பவனுக்குக் கையில் தட்டுப்படும். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. அவர்கள் என்ன சொன்னார்கள், அப்புறம் என்ன செய்தார்கள் என்பதை உறுதியாகச் சொல்வேன். மனசுக்குள் என்ன ஓடியது என்பது என் ஊகம். எது எது ஊகம் என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதல் சிக்கல் வினைச்சொல்லிலேயே வரும். பிரதமர் ஒருவர் திட்டமிட்டு, தேதி குறித்து, அடுத்தவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் போகிறார். தமிழில் எப்படி எழுதுவது? ‘பதவி விலகினார்’ என்று போட்டால் வாசகர் உடனே ‘என்ன பிரச்சினை?’ என்று கேட்பார். ஊழலோ உட்கட்சிச் சண்டையோ ஏதோ ஒன்று இருக்க வேண்டும் என்ற வாடை அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘ஓய்வு பெற்றார்’ என்றால் 62 வயதில் மாலை போட்டு அனுப்பப்பட்ட குமாஸ்தா ஞாபகம் வருகிறார். இவரோ மறுநாளும் வேலைக்கு வருகிறார். ‘பதவியைத் துறந்தார்’ என்றால் காவி கட்டிக்கொண்டு கிளம்பிய இளங்கோவடிகள் ஆகிவிடுவார். ‘இறங்கினார்’ என்றால் பேருந்து. கடைசியில் ‘பொறுப்பை ஒப்படைத்தார்’ என்று எழுதிப் பழகினோம். கடைச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிற மாதிரி இருந்தாலும், இருப்பதில் பழுதில்லாதது அதுதான்.

சொல் இல்லாததற்குக் காரணம் மொழியின் ஏழ்மை இல்லை. தமிழ்நாட்டு அரசியலில் அந்தக் காட்சி அரிது, அவ்வளவுதான். அண்ணா 1969-லும் எம்.ஜி.ஆர். 1987-லும் ஜெயலலிதா 2016-லும் முதல்வராக இருக்கும்போதே இறந்தார்கள். கருணாநிதி 1969 முதல் 2018-ல் கண்மூடும் வரை கட்சித் தலைவர். தானாக இறங்கியவர் என்றால் 1963 அக்டோபர் 2 அன்று முதல்வர் பதவியை பக்தவத்சலத்திடம் விட்டுவிட்டுக் கட்சி வேலைக்குப் போன காமராஜர்தான் சட்டென்று நினைவுக்கு வருகிறார். அந்தப் பின்னணியில் வளர்ந்த நம் காதுக்கு, ஒருவர் சுகமாக இருக்கும்போதே தேதி சொல்லிவிட்டுப் போவது கொஞ்சம் சந்தேகமாகத்தான் படும். உங்கள் கேள்வியிலும் அந்தச் சந்தேகம் தெரிகிறது, தப்பில்லை.

இப்போது உறுதியான விஷயம். சிங்கப்பூரில் பிரதமர் பதவி மூன்று முறை கைமாறியிருக்கிறது. 1990 நவம்பர் 28-ல் லீ குவான் யூவிடமிருந்து கோ சோக் டோங்குக்கு. 2004 ஆகஸ்ட் 12-ல் அவரிடமிருந்து லீ சியன் லூங்குக்கு. 2024 மே 15-ல் லாரன்ஸ் வோங்குக்கு. மூன்று முறையும் விட்டவர் மூத்த அமைச்சராக அமைச்சரவையிலேயே தொடர்ந்தார். இங்கே ஒருவர் ஒரே நாளில் ஓய்வு பெறுவதில்லை, தவணை முறையில் பெறுகிறார். முதலில் பிரதமர் பதவி, அப்புறம் கட்சித் தலைமை, அப்புறம் அமைச்சரவை, கடைசியில் தொகுதி. லீ சியன் லூங்கும் பிரதமர் பதவியை மே மாதம் கொடுத்தார், ஆளும் மக்கள் செயல் கட்சியின் (மசெக) தலைமைச் செயலாளர் பொறுப்பை டிசம்பரில்தான் கொடுத்தார். லீ குவான் யூவுக்கு இந்தத் தவணைகள் முடியவே இல்லை. 1990-க்குப் பிறகு மூத்த அமைச்சர், 2004-க்குப் பிறகு மதியுரை அமைச்சர், 2011 மே வரை அமைச்சரவையில். தஞ்சோங் பகார் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராக 1955-ல் ஆரம்பித்தவர், 2015 மார்ச் 23-ல் 91 வயதில் இறந்த அன்றும் அந்தத் தொகுதியின் உறுப்பினர்தான்.

இதைப் பார்த்துப் புருவம் உயர்த்துகிறவர்களுக்கு நான் ஒன்று சொல்வதுண்டு. இந்த ஊரில் பாதுகாவலர் வேலை பார்ப்பவருக்கும் இதே ஏற்பாடுதான். சட்டப்படி ஓய்வு வயது 2022 ஜூலையில் 63 ஆனது. ஓய்வு வயதுக்கு அப்புறம் ஐந்து வருஷம் மறுவேலைவாய்ப்பு கொடுக்க வேண்டும் என்று முதலாளிக்குக் கடமை. வேலை கொஞ்சம் மாறும், சம்பளம் கொஞ்சம் குறையும், ஆள் மட்டும் அதே இடத்தில் இருப்பார். மூத்த அமைச்சர் பதவி என்பது, அதிபர் மாளிகையும் பிரதமர் அலுவலகமும் உள்ள இஸ்தானாவுக்குள் நடக்கும் மறுவேலைவாய்ப்பு.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. அந்தப் பட்டம் லீ குவான் யூவுக்காகத் தைத்த சட்டை இல்லை. 1985-ல் அதை முதலில் போட்டுக்கொண்டவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த நம்மவர், எஸ். ராஜரத்னம். பிற்பாடு எஸ். ஜெயக்குமாரும் தர்மன் சண்முகரத்னமும் அதே பட்டத்தில் இருந்தார்கள். தமிழர் மூவர் அணிந்த சட்டை என்று நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்வேன்.

சரி, ஏன் இருந்துவிடுகிறார்கள்? இங்கே ஊகத்துக்குள் வருகிறோம். அனுபவம் வீணாகக் கூடாது, வெளிநாட்டுத் தலைவர்களோடு உள்ள பழக்கம் நாட்டுக்குப் பயன்பட வேண்டும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். அது பொய் இல்லை. ஆனால் அது மட்டும்தான் என்று நான் நம்பவில்லை. 1988 தேசிய தினப் பேரணியில் லீ குவான் யூ பேசியது நினைவிருக்கலாம். நோய்ப் படுக்கையில் கிடந்தாலும், ஏன், குழிக்குள் இறக்கும்போதும்கூட, ஏதோ தப்பாகப் போகிறது என்று தோன்றினால் எழுந்து வருவேன் என்ற கருத்தில் சொன்னார். அதைக் கேட்டு மிரண்டவர்களும் உண்டு, நெகிழ்ந்தவர்களும் உண்டு. என் காதுக்கு அது ஒரு வாக்குமூலமாகக் கேட்டது. ‘என்னால் விட முடியாது’ என்பதை ‘உங்களை விட மாட்டேன்’ என்று சொன்னார். வேலையை நிறுத்தினால் மனிதன் சுருங்கிவிடுவான் என்று முதுமையில் பல மேடைகளில் பேசியவர் அவர். நாட்டுக்காக இருந்தாரா, தனக்காக இருந்தாரா என்று பிரித்துப் பார்க்க அவராலேயே முடிந்திருக்காது என்பது என் எண்ணம்.

என் அனுபவத்தில், விடைபெறும் பேச்சில் எதை நம்பலாம் என்பதற்கு ஒரே ஒரு கேள்விதான் உதவியிருக்கிறது: தேதியைக் குறித்தது யார்? தானே குறித்தவர் பேச்சில் நகைச்சுவை இருக்கும், பின்னால் வருபவரைப் பற்றி நீளமாகப் பேசுவார், தன் தவறு ஒன்றையாவது பெயர் சொல்லிச் சொல்வார். பிறர் குறித்துக் கொடுத்த தேதியில் போகிறவர் சாதனைகளை வரிசையாக அடுக்குவார். ‘இளைஞர்களுக்கு வழிவிட வேண்டும்’ என்ற வரி சீக்கிரமாக வந்து சீக்கிரமாகப் போய்விடும். மொழிபெயர்க்கும்போது அந்த வரி மட்டும் வேறு யாரோ எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கும். பல நேரம் அப்படித்தான் இருந்திருக்கும்.

1980-களில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. தலைமுறை மாற்றம் என்று லீ குவான் யூ தன் சகாக்களையே ஒவ்வொருவராக நகர்த்தினார். மசெகவின் ஸ்தாபகத் தலைவர் டோ சின் சாய் 1981-ல் அமைச்சரவையில் இடம் இழந்தார். அவர் சும்மா போகவில்லை. 1988 வரை நாடாளுமன்றப் பின்வரிசையில் உட்கார்ந்து, தானே கட்டிய கட்சியின் அரசாங்கத்தை மன்றத்திலேயே கடுமையாக விமர்சித்தார். கோ கெங் சுவீயோ நேர் எதிர். ஜூரோங் தொழிற்பேட்டையையும் நாட்டின் ராணுவத்தையும் உருவாக்கியவர், 1984-ல் 66 வயதில் தானே போதும் என்று கிளம்பினார்; மறு வருஷம் சீன அரசாங்கத்துக்குக் கடலோரப் பகுதிகளின் வளர்ச்சி பற்றி ஆலோசகராகப் போய்விட்டார். மேடை அவருக்குத் தேவைப்படவில்லை, கணக்கு இருந்தால் போதும். 1959-ல் பதவியேற்ற ஒன்பது பேர் கொண்ட முதல் அமைச்சரவையில், 1988 பொதுத் தேர்தலுக்குப் பிறகு மன்றத்தில் மிஞ்சியவர் லீ குவான் யூ ஒருவர்தான். எல்லாருக்கும் தேதி குறித்தவர், தனக்கு மட்டும் குறித்துக்கொள்ள இன்னும் இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டார்.

ராஜரத்னத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1965-ல் நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சர். 1966-ல் நம் பிள்ளைகள் பள்ளியில் நெஞ்சில் கைவைத்துச் சொல்லும் தேசிய உறுதிமொழியின் வாசகத்தை எழுதியவர். 1988-ல் 73 வயதில் அரசியலை விட்டார். அடுத்த வருஷம் மனைவி பிரோஸ்கா காலமானார். பிள்ளைகள் இல்லை. வீடு நிறையப் புத்தகம். தென்கிழக்காசிய ஆய்வுக் கழகத்தில் ஆய்வாளராக மேசை போட்டுக்கொண்டு வாசிப்பும் எழுத்துமாக இருந்தார். அரசியலுக்கு வருமுன் பத்திரிகையாளர், அரசியலை விட்டதும் மறுபடி எழுத்தாளர். பதவிக்கு முன்னால் ஒரு கைத்தொழில் இருந்தவர்களுக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருக்கிறது என்பதற்கு அவரைத்தான் உதாரணமாகச் சொல்வேன். ஆனால் அந்த வீடும் நிலைக்கவில்லை. 1994-ல் அவருக்கு முதுமை மறதி நோய் இருப்பது தெரிந்தது. 2006 பிப்ரவரியில் இறந்தார். ஒரு தேசமே மனப்பாடமாகச் சொல்லும் வரிகளை எழுதியவருக்குக் கடைசி வருஷங்களில் நினைவு நழுவிப் போனது. அவர் இறந்த அன்று இரவு தலைப்பு எழுத உட்கார்ந்து ரொம்ப நேரம் எனக்குக் கை ஓடவில்லை.

தானே தேதி குறித்தவர், பிறர் குறித்துக் கொடுத்தவர் என்ற இந்த இரண்டு வகையிலும் சேராத இருவர் உண்டு. ஒருவர் டேவிட் மார்ஷல். 1955-ல், பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில், சிங்கப்பூரின் முதலமைச்சரானார்; லண்டன் பேச்சுவார்த்தையில் தன்னாட்சி கிடைக்காவிட்டால் பதவியில் இருக்க மாட்டேன் என்றார்; கிடைக்கவில்லை; 1956 ஜூனில் போய்விட்டார். பதினான்கு மாதப் பதவி. தேதியை அவரும் குறிக்கவில்லை, பிறரும் குறிக்கவில்லை, கொடுத்த வாக்கு குறித்தது. திரும்பவும் வழக்கறிஞர் கோட்டைப் போட்டுக்கொண்டார், பிற்பாடு பிரான்ஸுக்குத் தூதராகப் போனார்.

இன்னொருவர் அமைச்சராக இருந்த எஸ். தனபாலன். 1987-ல், விசாரணையில்லாமல் காவலில் வைக்க இடம்தரும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 22 பேர் கைதானார்கள். அந்த நடவடிக்கை அவர் மனசுக்கு முழுதாக ஒப்பவில்லை, அமைச்சரவையை விட்டுப் போனதற்கு அதுவே காரணம் என்பது பல வருஷம் கழித்து கோ சோக் டோங் சொல்லித்தான் வெளியே தெரிந்தது. 1992-ல் போனவர், அந்த வருஷக் கடைசியில் லீ சியன் லூங்குக்கும் ஓங் டெங் சியோங்குக்கும் புற்றுநோய் என்று தெரிந்து அரசாங்கத்தில் ஆள் குறைந்தபோது, கூப்பிட்டதும் திரும்ப வந்து வர்த்தக, தொழில் அமைச்சைப் பார்த்துக்கொண்டார். பிறகு மறுபடி போனார். கதவை ஓங்கிச் சாத்தாமல் போனதால்தான் திரும்பி வர முடிந்தது. காரணத்தை அன்றே வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. அந்த வாதத்திலும் நியாயம் இருக்கிறது. நான் இரண்டு பக்கமும் சாய்ந்து பார்த்துவிட்டேன்.

வாக்காளர்களே தேதி குறிப்பதும் உண்டு. 2011 மே 7 பொதுத் தேர்தலில் அல்ஜுனிட் குழுத்தொகுதி (பல உறுப்பினர்கள் ஒரே அணியாக நிற்கும் தொகுதி) எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சிக்குப் போனது. அங்கே நின்ற வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் இயோ பதவியை இழந்தார். ஒரே வாரத்தில், மே 14 அன்று, லீ குவான் யூவும் கோ சோக் டோங்கும் அமைச்சரவையை விட்டு விலகுவதாகக் கூட்டறிக்கை விட்டார்கள். சனிக்கிழமை. அந்த அறிக்கை மிகச் சிறியது. இளைய தலைமுறையோடு சேர்ந்து புதிய தலைமை நாட்டை நடத்தட்டும் என்பது சாரம். அரை நூற்றாண்டுக்கு மேல் அமைச்சரவையில் இருந்தவரின் வெளியேற்றத்தை மொழிபெயர்க்க எனக்கு ஒரு கோப்பி ஆறும் நேரம்கூட ஆகவில்லை. அது சொந்த முடிவா, தேர்தல் முடிவின் அழுத்தமா? அறிக்கை சொந்த முடிவு என்றது. நாள்காட்டி வேறு மாதிரிச் சொன்னது.

இவ்வளவும் பெரிய பதவிகளைப் பற்றி. ஆனால் எனக்குத் தெரிந்தவரை, விடும்போது அதிகம் வலிப்பது தொகுதிதான். கோ சோக் டோங் பிரதமர் பதவியை 2004-லேயே விட்டார். மரீன் பரேட்டை 2020-ல், 79 வயதில், 44 வருஷம் கழித்துத்தான் விட்டார்.

எனக்குப் பழக்கமான நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் இருந்தார், பெயர் வேண்டாம். தொகுதி மக்கள் வாராவாரம் குறைகளோடு உறுப்பினரைப் பார்க்க வரும் மக்கள் சந்திப்பில், அவருடைய கடைசி இரவுக்கு நான் போயிருந்தேன், செய்திக்காக இல்லை, நட்புக்காக. அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் பாலர் பள்ளிதான் இடம். பகலில் பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலிகளில் பெரியவர்கள் முழங்கால் காதைத் தொட உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் ‘அ அம்மா, ஆ ஆடு’ ஒட்டியிருந்தது. வாடகை பாக்கி, மகனுக்கு நீண்டகால வருகை அனுமதி, கார் நிறுத்திய அபராதம் என்று வழக்கமான வரிசை. ஒரு மலாய்ப் பாட்டி அடுத்த மாதம் வந்து பதில் கேட்கிறேன் என்றார். இவர் ‘வாங்க, அடுத்து வருபவரிடம் சொல்லி வைக்கிறேன்’ என்று மலாயில் சொன்னார். பாட்டிக்குப் புரியவில்லை. ‘இல்லை, நான் உன்னிடம்தான் கேட்பேன்’ என்றார். பாட்டிக்காக எழுதிய கடிதத்தில் கையெழுத்துப் போட உறுப்பினருக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்தது. மன்றத்தில் அவர் படித்த பிரியாவிடை உரையை நான்தான் தமிழாக்கினேன். மனநிறைவு என்ற சொல் அதில் மூன்று இடத்தில் வந்தது.

ஆகவே மனநிறைவு பொய்யா என்று கேட்டால், பொய் இல்லை. சம்பிரதாயம். கல்யாண வீட்டில் ‘சாப்பாடு பிரமாதம்’ என்பது போல. அது உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் அந்த வரியை வைத்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. உரையை விட்டுவிட்டு அதற்கடுத்த இரண்டு வருஷத்தைப் பாருங்கள். எஸ்.ஆர். நாதன் 2011-ல் அதிபர் பதவிக்காலம் முடிந்து 87 வயதில் இஸ்தானாவை விட்டு வந்தவர், வீட்டில் முடங்காமல் பல்கலைக்கழகத்துக்கும் ஆய்வுக் கழகத்துக்கும் போய் இளைஞர்களோடு பேசிக்கொண்டிருந்தார். அதிபர் பதவிக்கு ஒரு தவணைக்கு ஆறு வருஷம் என்று அரசமைப்பே எல்லை வைத்திருக்கிறது. தானும் குறிக்காத, பிறரும் திணிக்காத தேதி. விட்டுப்போவதற்கு இருப்பதிலேயே சுளுவான வழி அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பிரதமர் பதவிக்கு இங்கே அப்படி எல்லை கிடையாது.

‘யாதனின் யாதனின் நீங்கியான் நோதல் அதனின் அதனின் இலன்’ என்று வள்ளுவர் சொல்கிறார். எதை எதை விட்டானோ அது அதனால் அவனுக்கு வலியில்லை என்று பொருள். இந்த உரைகளையெல்லாம் மொழிபெயர்த்த அனுபவத்தில் வள்ளுவரோடு எனக்குச் சின்னக் கருத்து வேறுபாடு உண்டு. துறவிக்கு அது சரி. தொகுதிக்காரருக்குச் சரியாக வராது.

போன வருஷம் அந்த முன்னாள் உறுப்பினரைத் தேக்கா சந்தையில் பார்த்தேன். கையில் முருங்கைக்காய், வாளை மீன். ‘எப்படிண்ணே போகுது பொழுது?’ என்றேன். பேரப்பிள்ளை, நடைப்பயிற்சி, தோட்டம் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், கடைசியில் சிரித்தார். வீட்டில் ராத்திரிச் சாப்பாடு எட்டரை மணிக்குத்தான். திங்கட்கிழமை மட்டும் ஆறு மணிக்கே வயிறு கேட்கிறதாம். மக்கள் சந்திப்பு ஏழரைக்கு.

அவர் மனைவி இன்னும் திங்கட்கிழமை சீக்கிரம் சமைத்துவிடுகிறார்.